எசிக்ரோம் சபையின் படகுத் தொட்டில்

எசிக்ரோம்
9 ஜூன் 1974

அன்புள்ள அரபா அக்காவுக்கு,

தம்பி எபோ எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் எக்குவாவும் பிள்ளைகளும் சுகம். உங்கள் சுகத்துக்கும் அத்தானின் சுகத்துக்கும் தவறாமல் எழுதவும். தமாலே வெயில் உங்கள் முட்டிக்கு நல்லதா கெட்டதா என்று எக்குவா கேட்கிறாள்.

ஒரு வேலையாக எழுதுகிறேன். வருகிற டிசம்பரில் நம் சபைக்கு நூறு வயது. "எசிக்ரோமுக்குக் கிறிஸ்துமஸ் வந்த கதை" என்று ஒரு சிறு புத்தகம் போட மூப்பர்கள் முடிவு செய்து, என் தலையில் கட்டிவிட்டார்கள். பள்ளிக்கூடத் தலைமை வாத்தியாருக்கு வேறென்ன வேலை என்கிறார்கள். புதுப் போதகர் எஜிர் சின்னப் பையன், நிறையப் படித்தவர். டிசம்பர் இருபத்தைந்து என்று வேதத்தில் எங்கேயும் இல்லை, ரோமாபுரியில் சூரியனுக்கு எடுத்த விழாவின் மேல்தான் இதை ஏற்றினார்கள் என்று ஒரு கட்சி உண்டு என்று போன ஞாயிறு சொல்லப்போக, மூப்பர் டாட்சி எழுந்து, "அது ரோமாபுரிக்காரன் பாடு. எங்க ஊருக்கு எப்படி வந்துச்சுன்னு மட்டும் சொல்லு" என்றார். சபையே சிரித்தது.

வயதானவர்களில் நினைவு தப்பாமல் இருப்பது நீங்கள்தான். உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதுங்கள். முக்கியமாகப் படகைப் பற்றி. கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம், கிழக்கேயிருந்து வந்து கரையோரம் குடியேறிய ஆங்லோ மீனவர்கள் படகைச் சுமந்து வருவதும், நாம் விளக்கேற்றிப் பாடிக்கொண்டு அதை வாங்கிப் பீடத்தின் முன் தொட்டிலாக வைப்பதும் இந்தக் கரையில் வேறெந்த ஊரிலும் கிடையாது. அதைத் தொடங்கி வைத்தவர் நம் அப்பா. உபதேசியார் எசில்ஃபீ பெயரைக் கல்லில் வெட்டி வாசலில் பதிக்கப்போகிறார்கள்.

அத்தானுக்கு என் வணக்கம்.

உங்கள் தம்பி,
எபோ


தமாலே
30 ஜூன் 1974

அன்புத் தம்பி எபோவுக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. இங்கே நானும் உன் அத்தானும் சுகம். முட்டி அப்படியேதான் இருக்கிறது. எக்குவாவின் இருமல் நின்றதா?

எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். சபை வருவதற்கு முன்பே கிறிஸ்துமஸ் வந்துவிட்டது என்று அம்மாவின் பெரியப்பா சொல்லுவார். கோட்டையிலிருந்த வியாபாரிகள் அன்றைக்குப் பீரங்கி வெடிப்பார்களாம், வேலைக்காரர்களுக்குச் சாராயம் ஊற்றுவார்களாம். யாருடைய பிறந்தநாள் என்று யாருக்கும் தெரியாது. வெள்ளைக்காரனுக்குக் குடிக்கிற நாள் என்று நினைத்தார்கள். பிறகு மிஷன் வந்து சாராயத்தை நிறுத்தியது, கூடவே மேளத்தையும் நிறுத்தியது. நாற்பது வருஷத்துக்கு மேல் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு ஜெர்மன் ராகத்தில் பாடினார்கள். நான் பிள்ளையாக இருந்தபோதுதான் மேளம் பின்வாசல் வழியாகத் திரும்பியது. நாங்கள் பனை ஓலையில் குடிசை கட்டி, அதற்குள்ளேயே சமைத்துச் சாப்பிட்டு, கடைசி நாள் கொளுத்திவிடுவோம். முகமூடிக்காரர்கள் சட்டையில் துணிக்கிழிசல்கள் தொங்க, குச்சிக்கால் கட்டி வருவார்கள். அப்பா ஜன்னலைச் சாத்திவிட்டு இடுக்கு வழியாகப் பார்ப்பார். இதையும் எழுது, அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பஞ்சுத் தாடி வைத்த கிழவர் எப்போது வந்தார் என்று எனக்குத் தெரியாது. அது உங்கள் காலத்துச் சரக்கு. இந்த வெயிலில் அந்தச் சிவப்புக் கோட்டுக்குள் நிற்கிறவனை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

அத்தான் கூப்பிடுகிறார். பிள்ளைகளுக்கு முத்தம்.

அரபா


எசிக்ரோம்
14 ஜூலை 1974

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லாரும் சுகம். எக்குவாவின் இருமல் நின்றுவிட்டது. உங்கள் கடிதத்தைப் போதகருக்கு வாசித்துக் காட்டினேன். ஜன்னல் இடுக்கு விஷயத்துக்கு விழுந்து விழுந்து சிரித்தார்.

ஆனால் படகைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. மறந்துவிட்டீர்களா? முதல் படகு 1932-இல் வந்தது என்று சபைப் பதிவேட்டில் அப்பாவின் கையெழுத்தில் இருக்கிறது. "இன்று ஆங்லோ மீனவர் ஒரு படகைக் கோயில் வாசலில் வைத்தார்கள். உள்ளே எடுத்துக்கொண்டேன்." இவ்வளவுதான். அடுத்த பக்கத்தில் கூரைத் தகரக் கணக்கு வந்துவிடுகிறது. எனக்கு அப்போது ஏழு வயது. அப்பா தனியாகப் படகை இழுத்துக்கொண்டு போனது மட்டும் ஞாபகம். யாரும் பாடவில்லை. பாட்டும் விளக்கும் அவர் போன பிறகு சேர்ந்தவை. பொம்மைக் குழந்தை 1953-இல் நான் தக்கோராடியிலிருந்து வாங்கி வந்து வைத்தது. அதற்குத் தங்கச் சரிகை போட்டவள் எக்குவா. புத்தகத்தில் எங்களைப் பற்றி அரை வரி போட்டுக்கொண்டால் தப்பில்லையே.

உங்களைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். உபதேசியாரின் மகள், வடக்கே முப்பது வருஷம் மருத்துவச்சியாக இருந்தவள் என்று.

மீனவர்கள் ஏன் அந்தப் படகைக் கொண்டுவந்தார்கள்? அப்பா கேட்டாரா, அவர்களாகக் கொடுத்தார்களா? நீங்கள் வீட்டிலேயே இருந்தீர்கள். உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

எபோ


தமாலே
20 ஆகஸ்ட் 1974

தம்பி எபோவுக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். தாமதத்துக்கு வருந்தாதே. இந்த மாதம் நாலாம் தேதியிலிருந்து வண்டிகளெல்லாம் வலது பக்கம் ஓடுகின்றன அல்லவா, தெருவைக் கடக்கவே பயமாக இருக்கிறது. தபால் நிலையத்துக்குப் போகவில்லை.

படகு எதற்கு வந்தது என்று எனக்கு நினைவில்லை. பழைய விஷயம். பதிவேட்டில் இருப்பதை அப்படியே போட்டுவிடு. என்னைப் பற்றிய வரியை எடுத்துவிடு.

அரபா


எசிக்ரோம்
15 செப்டம்பர் 1974

அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு எழுதுகிற மனநிலை இல்லை, மன்னியுங்கள்.

நீங்கள் சொல்லாததால் ஆங்லோ குடியிருப்புக்கே போனேன். அரை மைல் தூரம். இத்தனை வருஷத்தில் நான் அதற்குள் கால் வைத்தது மூன்று தடவை இருக்கும், மூன்றும் பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடி. அக்பெக்கோ என்கிற மீனவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் படகுக்கு முன்தோள் கொடுப்பவர் அவர்தான். கதை கேட்க வந்தேன் என்றேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நிசமாவே தெரியாதா வாத்தியாரே? நாங்க நினைச்சுக்கிட்டோம், உங்க ஆளுங்களுக்குத் தெரியும், வெக்கத்துல பேசறதில்லைன்னு."

பிறகு சொன்னார். 1931-இல், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விளக்கேற்றும் நேரம். அவருடைய அண்ணன் டோட்சேயின் மனைவி யாவாவுக்கு முதல் பிரசவ வலி. பிள்ளையின் கால் முதலில் வந்துவிட்டது. நம் அம்மா பிரசவம் பார்ப்பவள் என்று கேள்விப்பட்டு, யாவாவை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு உபதேசியார் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். "இடமில்லை, உபதேசியார் சொல்லிட்டார்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். குடிசை வரை நடக்க அவளால் முடியவில்லை. கரையில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு சின்னப் படகுக்கு அடியில்தான் பிள்ளை பிறந்தது. இரண்டாம் நாள் இறந்துவிட்டது.

"மறுவருஷம் அண்ணன் அந்தப் படகைத் தூக்கியாந்து உங்க கோயில் வாசல்ல குறுக்கே போட்டார். பாத்துக்கிட்டு இருங்கன்னு. உங்கப்பா ஒண்ணும் பேசலை. உள்ள இழுத்துக்கிட்டுப் போனார். நாங்களும் விடாம வருஷா வருஷம் கொண்டாந்து போட்டோம், முடிஞ்சதும் நாங்களே தூக்கிட்டுப் போனோம். அதுக்கப்புறம் நீங்கல்லாம் பாட ஆரம்பிச்சிட்டீங்க. நாங்க என்ன சொல்ல?"

படகை வாசலில் இறக்கிவிட்டு ஒருவர்கூட உள்ளே வராமல் அவர்கள் திரும்பிப் போவது, அதுவும் சடங்கின் பகுதி என்றுதான் நாற்பது வருஷமாக நினைத்திருந்தேன். அந்தப் படகில் சரிகைச் சட்டை போட்ட பொம்மையைக் கிடத்தியவன் நான்.

அப்பாவின் முகத்தை நினைத்தாலே கூசுகிறது. உங்களுக்கு இது தெரியுமா? உடனே எழுதுங்கள்.

எபோ


எசிக்ரோம்
20 அக்டோபர் 1974

அக்காவுக்கு,

ஐந்து வாரமாக உங்களிடமிருந்து பதில் இல்லை. அத்தான் உங்களுக்குக் காய்ச்சல் இல்லை என்று எழுதியிருந்தார், அதனால் கவலைப்படவில்லை.

மூப்பர் கூட்டத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்பாவின் பெயரில் கல் வேண்டாம் என்றும் சொன்னேன். டாட்சி, "செத்தவரை எதுக்குய்யா சந்திக்கு இழுக்கறே" என்று கெஞ்சினார். நான் விடவில்லை. உண்மையை எழுதாத சரித்திரம் எதற்கு என்று பெரிய வார்த்தையெல்லாம் பேசினேன். வெட்டத் தொடங்கிய கல்லைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறார்கள். ஊர் முழுக்க இதே பேச்சு. சந்தையில் ஒருத்தி எக்குவாவிடம், "கர்ப்பிணியைத் துரத்தின வீட்டு மருமகளா நீ" என்று கேட்டாளாம்.

ஒருவர் சுமந்த பாவத்தை வெளியே சொன்னால் மனசு இலேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

எபோ


தமாலே
5 நவம்பர் 1974

அன்புத் தம்பி எபோவுக்கு,

நீயும் எக்குவாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். இதைத் தனியாக இருக்கும்போது படி.

அப்பா அன்று வீட்டில் இல்லை. கோயிலில் இருந்தார். அம்மாவும் பெண்களோடு கோயிலில் ஓலை கட்டிக்கொண்டிருந்தாள். நீயும் அங்கேதான் இருந்தாய். வீட்டில் நான் மட்டும். எனக்குப் பதினேழு வயது.

கேப் கோஸ்டிலிருந்து வெள்ளைக்காரப் பெரிய போதகரும் அவர் மனைவியும் வந்து தங்குவதாக இருந்தது. இரண்டு அறைகளையும் கழுவி, படுக்கைவிரிப்புகளைக் கஞ்சி போட்டுத் தேய்த்து விரித்திருந்தேன். காலையிலிருந்து அதுதான் வேலை. கதவு தட்டும் சத்தம் கேட்டு, அவர்கள்தான் வந்துவிட்டார்கள் என்று தலைத்துணியைச் சரி செய்துகொண்டு ஓடினேன். வாசலில் அந்தப் பெண். என் வயதுதான் இருக்கும். இடுப்புத்துணியெல்லாம் நனைந்து, காலில் உப்பங்கழிச் சேறு. ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பேச்சு பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. புரியாமல் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது.

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சேற்றைத்தான் பார்த்தேன். "இடமில்லை" என்றேன். கூட வந்த கிழவி நகரவில்லை. அதனால், "அப்பா சொல்லிட்டார்" என்றேன்.

கோயில் நூறு அடி தூரம். ஓடிப்போய் அம்மாவைக் கூப்பிட்டிருக்கலாம். கதவைச் சாத்திவிட்டு வாசற்படியில் இருந்த சேற்றைத் துடைத்தேன்.

பெரிய போதகர் வரவேயில்லை. லாரி வழியில் பழுதாகி நின்றுவிட்டது. அந்த இரண்டு அறைகளும் காலியாகவே இருந்தன.

மூன்றாம் நாள் அப்பா காதுக்குச் செய்தி போனது. கரைக்குப் போய்விட்டு வந்தார். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "நீயா?" என்றார். தலையாட்டினேன். "யார் கேட்டாலும் நான் சொன்னதாவே இருக்கட்டும். உனக்குக் கல்யாணம் ஆகணும்" என்றார். சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் ஊரைவிட்டு இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேன்.

நான் மருத்துவச்சியானதைப் பெருமையாக எழுதினாயே, அதைப் படித்தபோதே உனக்கு எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. உன் செப்டம்பர் கடிதம் வந்தபோதாவது எழுதியிருக்க வேண்டும். அப்பாவைப் போய் யார் என்ன செய்யப்போகிறார்கள், இறந்தவர்தானே என்று நினைத்தேன். இரண்டாவது தடவையும் அவர் பெயரைச் சொல்லித்தான் தப்பித்தேன்.

இந்தக் கடிதத்தை மூப்பர்களிடம் காட்டு.

அரபா


எசிக்ரோம்
1 டிசம்பர் 1974

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம்.

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். அப்பாவின் கல்லறைக்குப் போய்ப் புல்லைச் செதுக்கிவிட்டு வந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. ஊரில் இப்போதுதான் பேச்சு அடங்குகிறது. அன்றைக்கு அப்பா, இன்றைக்கு அக்கா என்று நான் மறுபடி போய் நின்றால் என்னை என்ன சொல்வார்கள்? பிள்ளைகளுக்கு வரன் பார்க்கிற நேரம். புத்தகத்தில் படகு பற்றிய பக்கத்தை எடுத்துவிட்டேன். பதிவேட்டில் இருந்த ஒரு வரியை மட்டும் போட்டேன், நீங்கள் ஆகஸ்டில் சொன்னபடி.

புழுதிக்காற்று தொடங்கிவிட்டது. இவ்வளவு தூரம் பயணம் செய்வது உங்கள் முட்டிக்கு ஆகாது. நூற்றாண்டு விழாவுக்கு நீங்கள் வர வேண்டியதில்லை.

எபோ


தமாலே
12 ஜனவரி 1975

அன்புத் தம்பிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அத்தான் சுகம். எக்குவா இலையில் கட்டிக்கொடுத்த சோளமாவுக் கெங்கே வழிக்குப் போதுமானதாக இருந்தது என்று அவளிடம் சொல்.

சொல்லாமல் வந்து இறங்கியது உனக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். கிறிஸ்துமஸ் ஆராதனையில் நான் எழுந்து நின்று பேசியபோது நீ பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்காக உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. டாட்சி மட்டும் வெளியே வந்து, "நானும் நம்பிட்டேனே, உங்கப்பாகிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும்மா, எங்க போய்க் கேப்பேன்" என்று அழுதார்.

மறுநாள் யாவாவைப் பார்க்கக் கூப்பிட்டேன், உனக்கு வேலை இருக்கிறது என்றாய். அதனால் அங்கே நடந்தது உனக்குத் தெரியாது. எழுதிவிடுகிறேன்.

மீன் புகைபோடுகிற அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பல் போய்விட்டது, கண் நன்றாக இருக்கிறது. நான் யாரென்று சொல்வதற்கு முன்பே, "நீதானே கதவைச் சாத்தினவ" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"உங்கப்பா வந்து, நான்தான் சொன்னேன்னார். எம் புருசன் நம்பினான். நான் நம்பலை. அந்த மனுசன் பிள்ளைக்குக் குழி வெட்டின விதத்தைப் பாத்தேன். சொன்னவன் அப்படி வெட்ட மாட்டான்."

அப்பா குழி வெட்டியது எனக்குத் தெரியாது எபோ. நாற்பத்துமூன்று வருஷம் கழித்து, மீன்புகையில் நின்றுகொண்டு அதைக் கேட்டேன்.

பிறகு, "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நிசமாவே இடமில்லையா?" என்றாள்.

"இருந்துச்சு. ரெண்டு அறை."

"யாராச்சும் வந்தாங்களா?"

"யாரும் வரலை."

மீனைத் திருப்பிப் போட்டாள். ஒவ்வொன்றாக எல்லா மீனையும் திருப்பி முடித்தாள். நான் மண்டியிட்டேன், முட்டி மடங்கவில்லை, விழுந்துவிட்டேன். அவள் பேத்திதான் தூக்கிவிட்டாள்.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. பிள்ளையின் பெயரைப் புத்தகத்தில் போடச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "எட்டு நாள் இருக்கலை, பேர் வைக்கலை. வெள்ளிக்கிழமை பொறந்தான், அதனால கோஃபி. அது என்கிட்ட இருக்கட்டும். உங்க புஸ்தகத்துல எதுக்கு?" என்றாள். நான் கிளம்பும்போது கூப்பிட்டு, "அந்தப் பொம்மையை எடுத்துடுங்க. காலியா வைங்க. வச்சுக் கும்பிட்டு முடிச்சதும் திருப்பிக் கொண்டாங்க. எங்காளுங்க நாப்பது வருசமாச் சுமந்துட்டாங்க. நீங்க சுமந்து கொண்டாங்க" என்றாள்.

இதைச் சபைக்கு நீ சொல்ல வேண்டும். இனி நான் சொன்னால் எடுபடாது.

அரபா


எசிக்ரோம்
28 டிசம்பர் 1975

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். உங்கள் முட்டி ஆபரேஷன் பற்றி அத்தான் எழுதியிருந்தார். இப்போது நடக்க முடிகிறதா?

ஒரு வருஷமாக நான் எழுதாததற்குக் காரணம் தேடி எழுத விரும்பவில்லை. பேனாவை எடுத்தால் கை கூசியது. அவ்வளவுதான்.

நவம்பர் மூப்பர் கூட்டத்தில் உங்கள் ஜனவரிக் கடிதத்தை எழுந்து நின்று வாசித்தேன். கூடவே, உங்கள் நவம்பர்க் கடிதம் கையில் இருந்தும் அதை ஒளித்தவன் நான் என்று சொன்னேன். இரண்டு மணி நேரம் சண்டை. பொம்மை இல்லாத கிறிஸ்துமஸா, பிள்ளைகள் அழும் என்றார்கள். கடைசியில் போதகர் எஜிர், "இந்த நாளே நூறு கை மாறி வந்ததுதான். இந்தத் தடவை அவங்க கையால மாறட்டுமே" என்றார். டாட்சி அவர் பக்கம் சேர்ந்தார். பொம்மையை எக்குவாவே எடுத்து உள்ளே வைத்தாள்.

இருபத்துநாலாம் தேதி படகு வந்தது, காலியாக வைத்தோம். பாட்டும் குறைவுதான். ஒரு சிறுமி சத்தமாக, "இயேசு எங்க?" என்று கேட்டாள். அவள் தாய் வாயைப் பொத்தினாள். யாரும் சிரிக்கவில்லை. அப்பாவின் கல்லை இன்னும் யாரும் நிமிர்த்தவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் கேட்டிருக்க மாட்டார் என்று தோன்றுகிறது.

ஆராதனை முடிந்ததும் திருப்பிச் சுமக்க ஆள் வேண்டும் என்று போதகர் அறிவித்தார். பெரும்பாலோர் வீட்டுக்குக் கோழி அடிக்கப் போய்விட்டார்கள். நாங்கள் ஐந்து பேர்தான் நின்றோம்: நான், போதகர், டாட்சியின் மகன், எக்குவா, பிரசவம் பார்க்கிற பெண் எஃபுவா. அந்தப் படகு சின்னதாகத்தான் தெரியும். நூறு அடி போவதற்குள் என் தோள் எரிந்தது. பாதி வழியில் மணலில் இறக்கி வைத்துவிட்டோம். அக்பெக்கோ பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். கை கொடுக்கவில்லை. "இடது தோளுக்கு மாத்துங்க வாத்தியாரே" என்று மட்டும் சொன்னார். மாற்றினேன்.

யாவா வாசலில் உட்கார்ந்திருந்தாள். எங்கே வைக்க வேண்டும் என்று கையைக் காட்டினாள். கவிழ்த்து வைத்தோம். அக்கம்பக்கத்து ஜனங்களெல்லாம் வெளியே வந்து நின்று பார்த்தார்கள். நம்மூர் ஆட்களும் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்கப் பின்னால் வந்திருந்தார்கள். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீ யாரு?" என்று கேட்டாள்.

தலைமை வாத்தியார் என்று சொல்லியிருக்கலாம். உபதேசியார் மகன் என்றாவது சொல்லியிருக்கலாம், அவரைப் பற்றி இப்போது எல்லாருக்கும் நல்ல எண்ணம்தான்.

"அரபாவோட தம்பி" என்றேன்.

உங்கள்,
எபோ